மகாராணியின் அத்தியாயம்

எங்கள் வீட்டுக்காரருக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்று கல்யாணத்துக்கு முன் என்னிடம் சொன்னார்கள். சிகரெட் இல்லை, குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை. பொறாமை என்று ஒன்று இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறதே என்று பொருமுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அவரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். அவர் தம்பிக்கு இன்னும் தலைமுடி கொட்டவில்லை, அதில் ஒரு பொருமல். எங்கள் மகள் தன் காலேஜ் வாத்தியார் யாரையாவது புகழ்ந்துவிட்டால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். காசு பணத்தில், கார் பங்களாவில் அவருக்குப் பொறாமை கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காரியத்தை யாராவது இவரைவிட நன்றாகச் செய்துவிட்டால் போதும். வயிறு எரிய ஆரம்பித்துவிடும்.

அவர் வேலை அணுசக்தி ஒழுங்குமுறை அலுவலகத்தில். அணு உலை கட்டுகிற இடம் இல்லை அது. கட்டலாமா கூடாதா என்று சொல்கிற இடம். கட்ட நினைக்கிற கம்பெனி தன் வடிவமைப்பை ஆயிரக்கணக்கான பக்கங்களில் எழுதிக் கொண்டுவந்து இவர்கள் மேஜையில் வைக்கும். இவர்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்பார்கள். பதில் மனசுக்குத் திருப்தியாக இருந்தால்தான் உரிமம். என் மாமனார் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடினவர். அவர் மகன், வால்வு திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டே வாழ்க்கையை ஓட்டிவிட்டார். வீட்டிலும் அதே கதைதான். இவரோடு குக்கர் வாங்கப் போனால் கடைக்காரர் எங்களைக் கண்டதும் உள்ளே போய்விடுவார்.

ஆனால் கேட்பதில் கெட்டிக்காரர். ஒருதரம் ஒரு கம்பெனிக்காரர்கள், கரண்ட் போனால் ஆள் போய் இந்த வால்வைக் கையால் திறந்துவிடுவார் என்று எழுதியிருந்தார்களாம். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். இவர் மட்டும், அந்த அறைக் கதவு கரண்டில் திறக்கிற கதவாயிற்றே, ஆள் எப்படி உள்ளே போவார் என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் திருத்த எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கதையை இதுவரை எத்தனை விருந்தாளிகளுக்குச் சொல்லியிருப்பார் என்று எனக்கே கணக்குத் தெரியாது. ஒவ்வொரு தரமும் சொல்லும்போது நானும் புதிதாகக் கேட்பதுபோல உட்கார்ந்திருப்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் சின்ன அணு உலைகள் வந்தன. பழைய உலைகள் மாதிரி வருஷக்கணக்கில் உலை வைக்கிற இடத்திலேயே நின்று கட்டுவது இல்லை. தொழிற்சாலையிலேயே செய்து, பகுதி பகுதியாக ஏற்றிக் கொண்டுவந்து பொருத்துவார்களாம். ஒரே வடிவமைப்பைப் பல நாடுகளுக்கு விற்கலாம். விற்பவனுக்கு அது வசதி. ஆனால் ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் உலை வருவதற்குள் எல்லோரும் கிழவர்களாகிவிடுவார்கள். அதனால் மூன்று நாட்டு அலுவலகங்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. வடிவமைப்பை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக்கொள்வது. ஓர் அலுவலகம் பார்த்து முடித்த அத்தியாயத்தை மற்ற இரண்டும் ஏற்றுக்கொள்வது. உரிமம் கொடுப்பது மட்டும் அவரவர் நாட்டின் பொறுப்பு.

எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஒருத்தி சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து வைப்பாள், இன்னொருத்தி சரிபார்த்துக் கொடுப்பாள். ஒருத்தி சரிபார்த்ததை எல்லோரும் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தால் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். "நல்ல ஏற்பாடுதானே" என்று சொன்னேன். அவர் என்னை ஒன்றரைக் கண்ணால் பார்த்தார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்த வடிவமைப்பின் உயிர்நாடி குளிர்விக்கும் அமைப்பு. உலையை நிறுத்தின பிறகும் உள்ளே சூடு அடங்காதாம். அதை பம்பு இல்லாமல், கரண்ட் இல்லாமல், சூடான தண்ணீர் தானே மேலே ஏறி, குளிர்ந்தது தானே கீழே இறங்கி, வெளியில் இருக்கிற பெரிய தொட்டித் தண்ணீருக்குக் கடத்திவிடும். இவர் இருபது வருஷமாக மூழ்கிக் கிடக்கிற விஷயம் அது. அந்த அத்தியாயம் இவருக்கு வரவில்லை. வேறொரு நாட்டு அலுவலகத்தில் ஒரு பெண்மணிக்குப் போய்விட்டது. அங்கே இந்த மாதிரி அமைப்பை ஏற்கெனவே ஒருதரம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். இவருக்குக் கிடைத்தது தொட்டியும் அதைச் சுற்றியுள்ள கட்டடமும்.

"அவளுக்கு இதயம், எனக்குத் தொட்டி" என்றார் அன்று சாயங்காலம் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அந்தப் பெண்மணிக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அவள் மகாராணி. மகாராணி இன்று இரண்டு கேள்வி போட்டிருக்கிறாள். மகாராணிக்குக் கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது, அவள் அதை ஏற்கவில்லை. மூன்று அலுவலகமும் பார்க்கிற மாதிரி ஒரு பொதுப் பக்கம் உண்டு. கேள்வியும் பதிலும் அதில் வந்துவிடும். இவர் ஆபீஸிலிருந்து வந்து டீயைக் கையில் எடுப்பார், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறப்பார், மகாராணியின் அத்தியாயத்துக்குள் போய்விடுவார். எங்கே கோட்டைவிட்டிருக்கிறாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். கிடைக்காது. கிடைக்காதது மட்டும் இல்லை. இவருக்கு அப்போதுதான் தோன்றிய ஒரு கேள்வியை அவள் போன வாரமே கேட்டு வைத்திருப்பாள். படித்துவிட்டு மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். "எப்படிக் கேட்டிருக்கா பாரு" என்பார். அதில் பாதி எரிச்சல், பாதி ரசனை.

எனக்கு அந்தப் பாதி ரசனைதான் தாங்கவில்லை. உள்ளதைச் சொன்னால் என்ன? எங்கள் வீட்டில் பொறாமை அவர் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் இவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்றைக்கூட இவர் இப்படித் திரும்பத் திரும்பப் படித்து மேஜையைத் தட்டியதில்லை. முகம் தெரியாத ஒரு பொம்பளை, கடல் தாண்டி எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, என் வீட்டு மேஜையில் என் டீயை ஆறவைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் திரையில் கூட்டம் போடுகிற நாளில் நான் துணி மடிக்கிற சாக்கில் பின்னால் போய் எட்டிப் பார்த்ததுண்டு. மகாராணி கேமராவை அணைத்து வைத்திருப்பாள். கறுப்புக் கட்டம் ஒன்று, அதற்குள்ளிருந்து நிதானமாக ஒரு குரல். குரல் நன்றாகத்தான் இருந்தது, கர்மம். அழகாகத்தான் இருப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"அம்மா, அப்பாவுக்கு அவங்க மேல லவ்வும்மா" என்றாள் மகள். நான் அவளை முறைத்த முறையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் அத்தியாயத்தை அவள் பார்த்துக்கொள்வாள், உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள் என்று. தொட்டியில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். ஒருநாள் தொட்டி அத்தியாயத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று என்று, பால் வாங்கி வந்ததைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு மறுபடி மகாராணியிடம் போய்விட்டார்.

இதற்கிடையே ஆபீஸில் ஒரு பேச்சு கிளம்பியது. இதே கம்பெனி அடுத்து இதைவிடப் பெரிய வடிவமைப்பு ஒன்றைக் கொண்டுவரப் போகிறது. அதையும் மூன்று நாடுகளும் சேர்ந்தேதான் பார்க்கும். குளிர்விக்கும் அமைப்புக்குத் தலைமை ஆய்வாளர் ஒருவரை மூன்று அலுவலகமும் கூடித் தேர்ந்தெடுக்கும். இந்த ஆய்வை முடித்துவைக்கிற கூட்டம் எங்கள் ஊரில்தான். அங்கேயே முடிவு செய்துவிடுவார்கள். இவருக்கு வயது ஐம்பத்தேழு. இதை விட்டால் ஓய்வு பெறுகிறவரை இன்னொரு வாய்ப்பு கிடையாது. போட்டியில் இருந்தது இரண்டே பேர், இவரும் மகாராணியும். என்ன ஆகும் என்று நான் கேட்டால், பார்க்கலாம் என்று பிடி கொடுக்காமல் சொல்வார். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று தலைமை ஆய்வாளர் எப்படி நிற்பார் என்று பார்த்துக்கொண்டதை நான் கண்ணால் கண்டேன்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் தேடிக்கொண்டிருந்த ஓட்டை கிடைத்தது. நான் சமையலறையில் இருந்தேன். நாற்காலி பின்னால் சாய்கிற சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் மனிதர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். தலைகால் புரியவில்லை அவருக்கு. எனக்குப் புரிகிற மாதிரி சொல்லும்படி கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் தண்ணீரை ஊற்றி, நாலு டம்ளரைக் கவிழ்த்து வைத்துச் சொன்னார். நாலு உலைக்கும் சேர்த்து ஒரே தொட்டி. நாலும் சூட்டைக் கொட்டினாலும் முழுத் தொட்டித் தண்ணீர் பல நாள் தாங்கும். ஆனால் ஓர் உலையைத் திறந்து எரிபொருள் மாற்றும்போது, தொட்டிக்கு நடுவில் ஓர் இரும்புக் கதவை இறக்கித் தடுத்துவிடுவார்கள். அந்தச் சமயத்திலும் மற்ற உலைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவற்றுக்கு இருப்பது முழுத் தொட்டி இல்லை. ஒரு பங்குத் தண்ணீர்தான்.

"மகாராணி கணக்குல முழுத் தொட்டின்னு இருக்கு. அத அவ கேக்கவே இல்ல" என்றார். பரிசு வாங்கின பிள்ளை மாதிரி முகம்.

அவர்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. இன்னொருவர் அத்தியாயத்தில் குறை கண்டால் சபையில் எடுக்க மாட்டார்கள். முதலில் அவருக்குத் தனியாக ஒரு குறிப்பு அனுப்புவார்கள். அவர் பார்த்துத் திருத்திக்கொள்வார், இல்லை என்றால் விளக்கம் சொல்வார். இதை இவரே எனக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நான் சொன்னேன்:

"என்னங்க, தனியா எழுதி அனுப்பிடுங்க. அதானே வழக்கம்?"

"அனுப்பினா அவ கமுக்கமா திருத்திக்குவா. கண்டுபிடிச்சது யாருன்னு யாருக்குத் தெரியும்? கூட்டத்துல கேக்கறேன்."

சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்காக நான் அவரைத் தடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு ஒருதரமாவது மூக்கு உடையட்டும் என்று எனக்கும் இருந்தது. கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள நானே நல்ல சட்டையாகப் பார்த்து இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம் ஆபீஸ் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் விருந்து. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் மருந்துக்கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, புதுசு உடுத்திக்கொண்டு தயாராக இருந்தேன். இவர் போன் செய்தார். தலை வலிக்கிறது, நேராக வீட்டுக்கு வருகிறேன், விருந்துக்குப் போக வேண்டாம் என்றார். குரலே சரியில்லை. என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.  அவர் வருகிறவரை காத்திருந்திருக்கலாம். ஆனால் மகாராணியைப் பார்க்க இனி எனக்கு எப்போது வாய்ப்பு? ஆட்டோ பிடித்து நான் மட்டும் போய்விட்டேன்.

என்னைக் கண்டதும் அவருடைய தலைவர் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு வந்தார். நல்ல மனிதர், சங்கடமான விஷயம் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவர் வீட்டுக்குப் போய்விட்டாரா என்று விசாரித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். மூன்று நாட்டு ஆட்களும் உட்கார்ந்திருக்க, இவர் எழுந்து நின்று, கதவு, தண்ணீர், கணக்கு என்று படம் போட்டுக் காட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய ஓட்டையை எப்படி விட்டீர்கள் என்று முடித்திருக்கிறார். சபை அசந்துவிட்டது. அந்தப் பெண்மணி பதறவில்லையாம். கேள்வி சரியானது, கம்பெனி பதில் சொல்லாமல் மூன்று நாட்டிலும் உரிமம் கொடுக்கக் கூடாது என்று முதலில் ஒப்புக்கொண்டாளாம். பிறகு தன் கோப்பைத் திறந்து, தண்ணீர் அளவு தன் அத்தியாயத்தில் பிறந்த எண் இல்லை, தொட்டி அத்தியாயத்திலிருந்து எடுத்தது என்று காட்டியிருக்கிறாள். கதவைப் பற்றி எழுதியிருப்பதும் தொட்டி அத்தியாயத்தில்தான். கீழே எங்கள் வீட்டுக்காரர் கையெழுத்து. அந்த அத்தியாயம் முழுவதிலும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

"'நீங்க பாத்து முடிச்சிட்டீங்கன்னு நம்பித்தான் நான் கேக்கல'ன்னு சொன்னாங்கம்மா" என்றார் தலைவர். "அவ்வளவுதான். இவரு அப்படியே உக்காந்துட்டாரு."

தனியாக ஒரு குறிப்பு அனுப்பியிருந்தால் அவளும் தனியாகவே பதில் சொல்லியிருப்பாள். விஷயம் இரண்டு பேரோடு போயிருக்கும். ஊரைக் கூட்டி வைத்து, தன் மூக்கைத் தானே உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். தலைமை ஆய்வாளர் யார் என்று நான் கேட்கவில்லை. தலைவரே சொன்னார். அவள்தான்.

இன்னொன்றும் சொன்னார். அடுத்த ஆய்வில் தன் அத்தியாயத்துக்கு இரண்டாவது ஆய்வாளராக இவரைக் கேட்டிருக்கிறாளாம். மூன்று நாட்டிலும் தன் பக்கங்களை வரி விடாமல் படித்த ஒரே ஆள் இவர்தான் என்று காரணம் சொன்னாளாம். வருவதாக இருந்தால், மறுபடி பார்க்க வேண்டிய தொட்டி அத்தியாயத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வரலாம். நாளைக் காலை பதில் சொல்ல வேண்டும்.

அதற்குள் அவளே வந்துவிட்டாள். தலைவர் என்னை அறிமுகம் செய்து வைத்தார். நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் எங்கே, இவள் எங்கே? குள்ளமாக, நரைத்த தலையோடு, வீங்கின காலுக்கு அகலமான செருப்பு போட்டுக்கொண்டு, தோளில் கனத்த பை. விருந்துக்கு வந்தவள் மாதிரியே இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள். இவர் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குப் புரிகிற எளிய இங்கிலீஷில் விசாரித்தாள். பிறகு, அவருடைய பழைய கேள்விகள் சிலதைத் தான் படித்திருப்பதாகச் சொன்னாள். அந்தக் கரண்ட் கதவுக் கதையை அவள் என்னிடமே சொன்னாள்! தொட்டி அத்தியாயத்தில் கேள்வியே வராதபோது தன் ஆட்களிடம், அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அங்கே கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று சொன்னாளாம். இதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் ஒரு கை பார்த்திருப்பேன். அவள் வருத்தமாகச் சொன்னாள். நான் சாப்பிடாமலே கிளம்பிவிட்டேன்.

வீட்டில் இவர் சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் திறந்திருந்தது. நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மகாராணியின் அத்தியாயம் இல்லை. தொட்டி அத்தியாயம், முதல் பக்கம். பொதுப் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே கேள்வி என்ற இடத்தில் தொட்டியின் இரும்புக் கதவு விஷயத்தை எழுதிப் போட்டிருந்தார், தன் அத்தியாயத்தின் மேலேயே. அடுத்த கேள்வியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் விருந்துக்குப் போனதைச் சொன்னேன். அவள் இரண்டாவது ஆய்வாளராகக் கூப்பிடுவதையும் சொன்னேன். நியாயமாக இந்த மனிதர் குதித்திருக்க வேண்டும். இத்தனை நாள் உயிரை விட்டது அந்த அத்தியாயத்துக்குத்தானே? போய் அவள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் ஆசை தீரத் துருவலாம்.

"முடியாதுன்னு சொல்லிடுவேன். தொட்டி இன்னும் முடியல" என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவளோடு போகவில்லை, என் மேஜையில்தான் இருக்கப் போகிறார். அடுத்தவர் பக்கத்தை விட்டுவிட்டுத் தன் பக்கத்தைப் பார்க்கிறார். ஆனால் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"இதையேதான கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் கத்தறேன்? அடுத்தவங்கள விடுங்க, உங்க வேலையப் பாருங்கன்னு. நான் சொல்லி ஏறாதது, அவ ஒருதரம் சொன்னதும் ஏறிடுச்சா?"

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்கு வருகிற முகம் இல்லை.

"நீ திட்டின" என்றார். "அவ என்னை நம்பியிருந்தாம்மா."

சொல்லிவிட்டு மறுபடி தொட்டிக்குள் போய்விட்டார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் ஒரு காரியத்தை முடித்துவிட்டேன் என்று சொல்லி, அதை நான் போய் ஒருதரம் பார்க்காமல் விட்டது உண்டா? கேஸ் மூடினேன் என்பார், போய்த் திருகிப் பார்ப்பேன். கதவைப் பூட்டினேன் என்பார், இழுத்துப் பார்ப்பேன். அவள் இழுத்துப் பார்க்கவில்லை. அவள் மட்டும் அழகியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.